பத்து வட்டமும் பத்து நிமிடமும்

ஜிப் தொழிற்சாலையின் நேர அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருப்பவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளப் பட்டியலில் தேடினால் கிடைக்கும். மற்றபடி எல்லோருக்கும் அவர் சங்குக்காரர். நேரில் பேசும்போது ஆளுக்குத் தகுந்தபடி ‘சங்கு சார்’ அல்லது ‘சங்கண்ணே’. காலை ஏழரை, மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டே முக்கால், மாலை நான்கு என்று நாளைக்கு நான்கு தடவை தன் மேசையின் வலப்புறம் இருக்கும் சிவப்புப் பொத்தானை அவர் அழுத்துவார். கூரைமேல் சங்கு ஊதும். உடனே முந்நூறு பேர் உட்காருவார்கள், எழுவார்கள், சாப்பிடுவார்கள், வீட்டுக்குக் கிளம்புவார்கள்.

ஒரு பொத்தானை அழுத்துவதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று நமக்குத் தோன்றலாம். அதை அவரிடம் சொல்லிவிடக் கூடாது. சூரியன் உதிப்பதே தன்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் என்ற நினைப்பு அவருக்கு.

அந்த நினைப்புக்கு ஓரளவு நியாயமும் உண்டு. இயந்திரத்தின் முன் போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் விரலை நசுக்கிக்கொண்ட நாளிலிருந்து, எல்லோரும் போனை வாசலில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். உலோகத் துணுக்கு சிக்குகிறது என்று கைக்கடிகாரத்துக்கும் தடை. எனவே உள்ளே மணி என்னவென்று சொல்வது சுவர்க் கடிகாரங்கள்தான். பன்னிரண்டு சுவர்க் கடிகாரங்களும் சங்குக்காரர் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஒரே தாய்க் கடிகாரத்தைப் பார்த்து ஓடுபவை. அந்தப் பெட்டியின் சாவி அவர் சட்டைப்பையில் இருக்கும்.

ஒரு நிமிடம் தாமதமாக வந்தாலும் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மை. “ஒரு நிமிஷம்தானே சார்?” என்று யாராவது குழைந்தால், “ஒரு நிமிஷமும் நேரம்தானேம்மா?” என்பார். பத்து நிமிடம் முன்னால் போக வேண்டும் என்று அனுமதி கேட்டு வருபவர்கள், கேட்பதற்கு முன்பே அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். அவர் மட்டும் விதிவிலக்கா? மகள் பிறந்த அன்று, வலி எடுத்துவிட்டது என்று காலையிலேயே ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தும், பன்னிரண்டு மணிச் சங்கை ஊதிவிட்டுத்தான் கிளம்பினார். இதை அவர் பெருமையாகவே சொல்லிக்கொள்வார். விருந்தாளிகள் வந்தால் கட்டாயம் சொல்வார். அந்தக் கதை ஆரம்பித்ததும் அவர் மனைவிக்கு மட்டும் உள்ளே ஏதோ வேலை வந்துவிடும்.

மனைவிக்கு வேலை தபால் பிரிக்கும் கூடத்தில். அதுவும் ஏழரை மணிக்கே தொடங்கும் வேலை. ஊர் வாரியாகக் கடிதங்களை அலமாரி அறைகளில் போட்டுப் போட்டு, வீட்டிலும் எதையும் அதனதன் இடத்தில் வைக்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. பொதுவாக ஒரு வீட்டில் ஒருவர் கறாராக இருந்தால் மற்றவர் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போவார். இங்கே இரண்டு பேரும் கறார். நடுவில் நின்று இருவரையும் கிண்டல் செய்துகொண்டிருந்த மகளும் படிக்க வெளியூர் போய்விட்டாள். வீடு ரொம்ப ஒழுங்காக இருந்தது. ஒழுங்காக இருந்ததே தவிர, சத்தமே இல்லை.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் நாய் வந்தது.

வாட்ச்மேன் வளர்க்கும் நாய், அட்டைப் பெட்டிகள் அடுக்கும் கொட்டகையில் ஐந்து குட்டி போட்டிருந்தது. நான்கை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஐந்தாவதற்கு ஒரு காது நின்றது, ஒரு காது விழுந்தது. அதை யாரும் சீந்தவில்லை. ஒரு மாலை சங்குக்காரர் வாசலைத் தாண்டும்போது அது வந்து அவருடைய இடது காலணியின்மேல் உட்கார்ந்தது. உட்கார்ந்ததோடு இல்லாமல் தூங்கியும்விட்டது. அவர் காலை அசைக்காமல் பதினொரு நிமிடம் நின்றார். பதினொரு நிமிடம் என்று நமக்கு எப்படித் தெரியும் என்றால், அவர்தான் பார்த்துக்கொண்டே நின்றாரே.

வீட்டில் அவர் தூக்கி வந்த அட்டைப் பெட்டியைத் திறந்ததும் மனைவி குனிந்து பார்த்தாள்.

“என்ன இது?”

“நாய்க்குட்டி.”

“அது தெரியுது. நம்ம வீட்டுல என்ன பண்ணுது?”

வழி நெடுக அவர் தயார் செய்து வைத்திருந்த நான்கு காரணங்களும் அந்த நேரம் பார்த்து மறந்துபோயின. “மத்த நாலையும் கூட்டிட்டுப் போயிட்டாங்க,” என்றார்.

மனைவி அவரை ஒரு தடவையும் குட்டியை ஒரு தடவையும் பார்த்தாள். குட்டி அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தரையை நனைத்தது. “நல்லா இருக்கு. வேலை முடிஞ்சு வந்ததும் எனக்கு இது ஒரு ஓவர்டைம்,” என்றாள். குட்டிக்குப் பெயரும் அதுவே ஆகிவிட்டது.

அடுத்து அவள் செய்த காரியம், சமையலறைக் கதவில் மாட்டியிருந்த நாட்காட்டியை எடுத்து வந்து மேசையில் விரித்தது.

“பகல்ல ரெண்டு பேரும் இருக்க மாட்டோம். கூண்டு வாங்கிட்டு வாங்க. ஒரு மாசம் பாக்கலாம். நாம இல்லாத நேரத்துல கூண்டு நனைஞ்சா அந்தத் தேதியில ஒரு வட்டம். பத்து வட்டம் விழுந்தா நாய் திரும்ப வாட்ச்மேன்கிட்ட. பக்கத்து வீட்டுல விட்டுட்டுப் போறது, ஆள் வச்சுப் பாக்குறது, அதெல்லாம் ஆகாது. நம்மால வளர்க்க முடிஞ்சா வளர்ப்போம். இல்லன்னா அதைப் பிடிச்சு வச்சு வதைக்கக் கூடாது.”

சங்குக்காரருக்கு இந்த ஏற்பாடு பிடித்துப்போயிற்று. எண்களாகப் போட்ட சட்டத்தை அவர் எப்போதுமே மதிப்பவர்.

கால்நடை மருத்துவர் இளம்பெண். குட்டியின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். “மூணு மாசம் இருக்கும். எத்தனை மாசமோ அத்தனை மணி நேரம், அதோட ஒரு மணி நேரம் சேர்த்துக்கோங்க. ஆக நாலு மணி நேரம் அடக்கும். அதுக்கு மேல போனா தப்பு அது மேல இல்ல, உங்க மேல,” என்றார். கூண்டைப் பற்றியும் சொன்னார். நிற்க, திரும்ப, படுக்க இடம் இருந்தால் போதும். பெரிதாக இருந்தால் ஒரு மூலையைப் படுக்கையாகவும் மறு மூலையைக் கழிப்பறையாகவும் வைத்துக்கொள்ளும். “கூண்டுன்னா ஜெயில் இல்ல சார், அதோட ரூம். கோபத்துல உள்ள தள்ளிடாதீங்க. தனியா இருக்கப் பயந்துச்சுன்னா, டிக் டிக்னு ஓடுற கடிகாரத்தைத் துணியில சுத்தி வைங்க. அம்மா பக்கத்துல படுத்திருக்கிற மாதிரி இருக்கும்.”

கடிகாரமா? அதற்கா அவரிடம் பஞ்சம்? தன்னுடைய பழைய அலாரக் கடிகாரத்தைத் துண்டில் சுற்றிக் கூண்டுக்குள் வைத்தார். வைப்பதற்கு முன் நேரத்தைச் சரிபார்த்தார் என்றால் நம்புங்கள்.

காலை ஏழு பத்துக்குக் கடைசியாக வெளியே கூட்டிப்போய், ஏழு பதினைந்துக்குக் கூண்டுக்குள் விடுவார். பன்னிரண்டு மணிக்குச் சங்கை ஊதிவிட்டு ஒன்பது நிமிடம் நடந்தால் வீடு. மொத்தம் நான்கு மணி ஐம்பத்து நான்கு நிமிடம். மருத்துவர் சொன்னதைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் அதிகம். மதியம் பிரச்சினை இல்லை. மனைவி நாலு மணிக்கெல்லாம் வந்துவிடுவாள். இந்தக் காலை நேரம்தான் இடித்தது.

முதல் ஒன்பது வேலை நாள்களில் ஒன்பது வட்டம். மனைவி பென்சிலைச் சீவி, வட்டத்தை வட்டமாகவே போட்டாள்.

ஆனால் அந்த ஒன்பது நாளும் துணியை மாற்றும்போது சங்குக்காரர் ஒன்றைக் கவனித்தார். ஒவ்வொரு நாளும் துணி இன்னும் சூடாகவே இருந்தது. அப்படியென்றால் என்ன அர்த்தம்? அவருக்குத் தெரிந்த ஒரே கணக்கு அதுதானே, உடனே போட்டுவிட்டார். அவர் வீட்டுப் படியேறுவதற்கு இரண்டு மூன்று நிமிடம் முன்புவரைக்கும் அந்தச் சின்ன உடம்பு பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்கிறது. கதவு திறந்ததும் அது ஓடி வரவில்லை. விழுந்த காதை இன்னும் கொஞ்சம் விழவைத்துக்கொண்டு, கூண்டின் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. தாமதமாக வந்து தன் மேசை முன் நிற்கும் ஆட்கள் எத்தனையோ பேரை அவர் அந்தக் கோலத்தில் பார்த்திருக்கிறார். அப்போதெல்லாம் கலங்காத மனசு இப்போது கலங்கியது. “உன் தப்பு இல்லடா,” என்றார். இருபத்தாறு வருடத்தில் யாரிடமும் சொல்லாத வார்த்தை.

இன்னும் ஒரு வட்டம் விழுந்தால் நாய் போய்விடும். தேவை பத்து நிமிடம்.

மேனேஜரிடம் பத்து நிமிடம் அனுமதி கேட்கலாம். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் இவர் எந்த வாயால் கேட்பார்? கேட்டுவிட்டு, சங்கை இன்னொருத்தர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போவதா? அதற்கு அவருக்கு நாக்கு எழவில்லை. முந்நூறு பேருடைய நேரத்தில் கை வைக்க மட்டும் கை எழுந்தது.

பத்தாவது வேலை நாள் காலை பத்தே முக்காலுக்கு அவர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். தாய்க் கடிகாரத்தின் பெரிய முள்ளை இரண்டு நிமிடம் முன்னால் தள்ளினார். யாரும் வந்து கையைப் பிடிக்கவில்லை. பதினொரு மணிக்கு இன்னொரு இரண்டு நிமிடம். இப்படியே ஐந்து தடவை. மதியச் சங்கை அவர் ஊதியபோது தொழிற்சாலையின் பன்னிரண்டு கடிகாரங்களும் பன்னிரண்டு காட்டின. உலகத்தில் மற்ற எல்லாக் கடிகாரங்களும் பதினொன்று ஐம்பது காட்டின. சாப்பாட்டுக்குப் பிறகு அதேபோல் இரண்டிரண்டு நிமிடமாக முள்ளை நிறுத்தி நிறுத்தி விட்டு, நாலு மணிக்குள் பழையபடி சரி செய்துவிட்டார். திருடினாலும் கறாரான திருட்டு. எடுத்ததை மாலைக்குள் திருப்பி வைத்துவிட்டார் அல்லவா?

வீட்டுக்குப் போனார். கூண்டு காய்ந்திருந்தது. குட்டி வெளியே ஓடி, செடிப் பக்கம் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, ரொம்ப நேரம் ஒன்றுக்குப் போனது. உள்ளே வந்து அவர் காலணியின்மேல் ஏறி உட்கார்ந்தது.

“இன்னைக்கு நனையலையா?” என்று மாலையில் மனைவி கேட்டாள்.

“இல்ல.”

“ஆச்சரியம்தான்,” என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்தாள். கழுவின பாத்திரம்தான் அது. சங்குக்காரர் கவனிக்கவில்லை. முள்ளைக் கவனிப்பவர்களுக்கு முகம் கண்ணில் படாது.

இரண்டு வாரத்துக்குமேல் இது ஓடியது. கட்டங்கள் வட்டமில்லாமல் வெள்ளையாக இருந்தன. குட்டி வளர்ந்தது, விழுந்த காது பாதி எழுந்தது. தொழிற்சாலையில் யாருக்கும் சந்தேகம் வரவில்லையா என்றால், வந்தது. ஆனால் எல்லோரும் தங்கள்மேலேயே சந்தேகப்பட்டார்கள். ஜிப் கோர்க்கும் பெண்கள், “மத்தியானம் என்ன இப்படி இழுக்குது? எனக்கு ரத்தம் குறைஞ்சுபோச்சு போல,” என்று சொல்லிக்கொண்டார்கள். மாடி அறையில் இருக்கும் மேனேஜர் ஒருவர்தான் கைக்கடிகாரம் கட்டியவர். சங்கு ஊதும்போது அது பத்து நிமிடம் குறைவாகக் காட்டுவதைப் பார்த்தார். சங்கு தப்பாக இருக்கும் என்று அவருக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. கடிகாரத்தைக் கழற்றி ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டார். ரிப்பேர்க்காரர், “நல்லாத்தான் ஓடுது,” என்று திருப்பிக் கொடுத்தார். மேனேஜர் வேறு ரிப்பேர்க்காரரைத் தேடிப் போனார்.

கேன்டீனில்தான் நிலைமை சிரிப்பாக இல்லை.

கேன்டீனைப் பத்தொன்பது வருடமாக நடத்துபவளை எல்லோரும் சமையலக்கா என்பார்கள். சுவர்க் கடிகாரத்தில் பத்தரை காட்டும்போது அடுப்பை ஏற்றினால், பன்னிரண்டுக்கு எல்லாம் வெந்து, ஆவி பறக்க மேசைக்கு வந்துவிடும். பத்தொன்பது வருடம் அப்படி வந்தது. இப்போது தினமும் கிழங்கு நறுக்கென்று கடிபட்டது, குழம்பு தண்ணீராக நின்றது. முந்நூறு பேர் முகத்தைச் சுளித்தார்கள். மேற்பார்வையாளர் புகார் எழுதி மாடிக்கு அனுப்பினார். அவள் அடுப்பை மாற்றிப் பார்த்தாள், பாத்திரத்தை மாற்றிப் பார்த்தாள், கண்ணாடியைக்கூட மாற்றினாள். இவ்வளவு கவலைக்கு நடுவிலும் சங்குக்காரர் வீட்டுக்குக் கிளம்பும்போது, “அண்ணே, குட்டிக்கு,” என்று ஒரு பொட்டலம் கொடுக்க அவள் ஒருநாளும் மறக்கவில்லை. அவர் அதை வாங்கிக்கொண்டு ஓடுவார். நேரமில்லை பாருங்கள்.

மாதம் முடிய ஒருநாள் இருக்கும்போது, மதியம் மூன்று மணிக்கு அவள் ஒரு வெள்ளைத் தாளோடு நேர அலுவலகத்துக்கு வந்தாள்.

“அண்ணே, ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. வேலையை விட்டு நின்னுக்கிறேன்.”

“ஏம்மா? என்னாச்சு?”

“என்னாச்சுன்னு எனக்கே தெரியலையே. எனக்குக் கை போயிடுச்சுண்ணே.” அவள் இரண்டு கையையும் மேசைமேல் விரித்துக் காட்டினாள். சூடு பட்ட தழும்புகளும், நறுக்கி நறுக்கிக் காய்த்த விரல்களுமாக இருந்தன. “அதே அடுப்பு, அதே அளவு. நேரத்துக்கு வேக மாட்டேங்குது. வீட்டுல சமைச்சா சரியா வருது. இங்க வந்தா தப்பிப்போகுது. வயசாயிடுச்சு போல. மேனேஜர் கூப்பிட்டுச் சொல்றதுக்கு முன்னாடி நானே போயிட்டா மரியாதை.”

சங்குக்காரர் பேனாவை எடுத்தார். தேதி போட்டார். ‘காரணம்’ என்று எழுதி நிறுத்தினார். எதிர்ச் சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அது காட்டிய நேரம் பொய் என்று அந்தக் கட்டடத்தில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

“உன் கை எங்கயும் போகலம்மா,” என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னார். வட்டம், கூண்டு, சூடான துணி, முள், பத்து நிமிடம்.

சமையலக்கா விரித்த கைகளை எடுத்து இடுப்பில் ஊன்றினாள்.

“அடப் பாவி மனுஷா! ராத்திரியெல்லாம் தூங்காம என் கையை நானே பாத்துக்கிட்டுக் கிடந்தேனே! புதுக் கண்ணாடி போட்டேனே! ஒரு நாய்க்கு மூத்திரம் வருதுன்னு என் கிழங்கை வேகவிடாம பண்ணிட்டீங்களேய்யா!”

பக்கத்தில் கரண்டி இருந்திருந்தால் அன்றைக்கு ஒரு விபத்து நடந்திருக்கும். நல்லவேளை, நேர அலுவலகத்தில் ரப்பர் முத்திரை மட்டும்தான் இருந்தது. அவள் அதையே எடுத்து மேசையில் நான்கு தடவை ஓங்கிக் குத்தினாள். ‘தாமதம்’, ‘தாமதம்’ என்று நான்கு இடத்தில் விழுந்தது. குத்தி முடித்ததும் நாற்காலியில் சாய்ந்தாள். அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணிலும் தண்ணீர் வந்தது. கை போகவில்லை என்ற சந்தோஷம் கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது.

“இன்னும் எத்தனை நாள்?” என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

“நாளைக்கு ஒருநாள்.”

“சரி, ஊதித் தொலைங்க. நான் பத்து நிமிஷம் முன்னாடி அடுப்பை ஏத்திக்கிறேன். நாய் தப்பிச்சுக்கட்டும்.”

ஆசை எப்படிப்பட்டது பாருங்கள், அவர் மனசு ஒரு நொடி அதைப் பிடித்துக்கொள்ளத்தான் பார்த்தது. ஒரே ஒருநாள். ஆனால் மாடியில் அவள் பெயரில் ஒரு புகார் கிடக்கிறது. நாளைக்கு மாதக் கடைசி. மேனேஜர் புகார்களைப் பார்த்துக் கையெழுத்துப் போடும் நாள். விரித்துக் காட்டிய அந்தக் கைகள் அவர் கண்முன்னாலேயே நின்றன. அரைகுறையாக எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு எழுந்தார். மாடிப்படி இருபத்திரண்டு. அன்று அவர் ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டு ஏறினார்.

மேனேஜர் முழுவதையும் கேட்டார். இயந்திரம், உற்பத்தி, ஒழுங்கு, நம்பிக்கை என்று பெரிதாக ஏதாவது சொல்வார் என்று சங்குக்காரர் தலையைக் குனிந்து காத்திருந்தார். மேனேஜர் தன் இடது மணிக்கட்டைத்தான் முதலில் பார்த்தார்.

“அப்ப என் வாட்ச் நல்ல வாட்ச்சா?”

“நல்ல வாட்ச் சார்.”

“ரெண்டு கடைக்காரன்கிட்ட சண்டை போட்டிருக்கேன்யா!”

அதற்குப் பிறகு, சொல்ல வேண்டியதையும் சொன்னார். சமையலக்கா மேல் உள்ள புகாரை எடுத்து அவர் முன்னாலேயே கிழித்தார். “பத்து நிமிஷம் பர்மிஷன் கேட்டிருந்தா குடுத்திருப்பேனே? ஏன் கேக்கல?” என்றார். மெமோ கொடுக்க முடிவாயிற்று. தொழிற்சாலையில் மெமோ அடிப்பவர் சங்குக்காரர்தான் என்பதால், தன் பெயருக்குத் தானே மெமோ அடித்து, தானே கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டு, தானே கோப்பில் வைத்துக்கொண்டார். அதில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தியும் வைத்தார்.

“நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு நான் கீழ வந்து பக்கத்துல நிப்பேன், வாட்ச்சோட,” என்றார் மேனேஜர்.

இந்த நிலையில் நாளைக்கு மட்டும் பத்து நிமிடம் அனுமதி என்று எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. அன்று மாலை வீட்டில் மனைவியிடமும் சொல்லவில்லை. குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அதன் பாதி எழுந்த காதை விரலால் நிமிர்த்தி நிமிர்த்தி விட்டுக்கொண்டிருந்தார். விட்டதும் அது மடங்கியது.

மறுநாள் பதினொன்று ஐம்பதுக்குச் சங்குக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினொன்று ஐம்பத்தைந்துக்கு மேனேஜர் வந்து நின்றார். பன்னிரண்டுக்குச் சங்கு ஊதியது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “ஒரு செகண்டுகூட மாறல,” என்றார். சங்குக்காரர் அதைக் கேட்கப் பக்கத்தில் இல்லை. வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்.

ஒன்பது நிமிட வழியை ஏழு நிமிடத்தில் ஓடிக் கடந்தார். ஐம்பத்து மூன்று வயதில் அது சின்ன விஷயம் இல்லை. படியருகே மனைவியின் ஸ்கூட்டர் நின்றது. அவள் நாலு மணிக்கு முன்னால் வீட்டுக்கு வந்ததே கிடையாது.

உள்ளே போனார். கூண்டின் கதவு திறந்திருந்தது. மனைவி சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஓவர்டைம் அவள் தபால் அலுவலகச் சேலையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தது. பின்வாசல் கொடியில் கூண்டுத் துணி தொங்கியது. அதிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

“நனைஞ்சிருச்சா?” என்றார் மூச்சு வாங்க.

“இல்லையே,” என்றாள் மனைவி.

அவர் கொடியைப் பார்த்தார்.

“என்ன பாக்குறீங்க? தண்ணிக் கிண்ணம் கவுந்துடுச்சு.” சொல்லிவிட்டு அவள் எழுந்து, நாட்காட்டியில் கடைசிக் கட்டத்தை ஒரு தடவை பார்த்து, பென்சிலை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். கட்டம் வெள்ளையாகவே இருந்தது. ஒரு கடிதத்தைக்கூடத் தப்பான அறையில் போடாத கை அது.

“நீ எப்படி இந்த நேரத்துல?”

“பதினொன்னு அம்பதுக்குச் சங்கு ஊதல. அம்பத்தஞ்சு வரைக்கும் பாத்தேன். அப்பவும் ஊதல. மாட்டிக்கிட்டாரு மனுஷன்னு தெரிஞ்சுபோச்சு. ஒரு மணி நேரம் பர்மிஷன் சொல்லிட்டு வந்துட்டேன்.”

“அப்ப உனக்கு...”

“முதல் நாளே தெரியும். எங்க கூடத்துக்கும் உங்க சங்குக்கும் நடுவுல மூணே தெருதான். எங்க சுவர்லயும் கடிகாரம் இருக்கு.” அவள் மறுபடி தரையில் உட்கார்ந்தாள். “அன்னைக்குக் கையில இருந்த கடுதாசியை வச்சுக்கிட்டுச் சிரிச்சேன். பக்கத்துல இருந்தவ என்னடின்னு கேட்டா. அப்புறம் கொஞ்சம் அழுகையும் வந்துச்சு.”

“எதுக்கு?”

“நம்ம பொண்ணு எத்தனை மணிக்குப் பொறந்தா?”

“பன்னெண்டு அஞ்சு.” நேரம் கேட்டால் அவருக்குப் பதில் தயார்.

“நீங்க எத்தனை மணிக்கு வந்தீங்க?”

“பன்னெண்டு...” அவர் நிறுத்தினார். ஆஸ்பத்திரிக்குப் பதினைந்து நிமிட வழி. பன்னிரண்டு பதினைந்து. விருந்தாளிகள் எத்தனையோ பேரிடம் சொன்ன கணக்கு. பத்து நிமிடம் முன்னால் கிளம்பியிருந்தால் சரியாகப் பன்னிரண்டு ஐந்து. பத்தொன்பது வருடத்தில் இந்தக் கழித்தலை மட்டும் அவர் போட்டுப் பார்த்ததில்லை.

“நாய்க்குன்னதும் அந்தப் பத்து நிமிஷம் எங்கிருந்தோ வந்துச்சு பாருங்க,” என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்த கோபமெல்லாம் அந்தத் துணியைப் பிழிந்ததிலேயே போய்விட்டதுபோல் இருந்தது. “பரவால்ல, எடுக்கவாவது தெரிஞ்சுதே. எனக்கு அது சந்தோஷம்தான்.”

கூண்டுக்குள் துண்டில் சுற்றிய கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. சங்குக்காரர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. குட்டி சேலையை விட்டுவிட்டு அவர் காலணிக்கு மாறியது.

“அந்தப் பத்து நிமிஷத்துல,” என்றார். குட்டியின் காதை நிமிர்த்திவிட்டு மறுபடி ஆரம்பித்தார். “நான் வர்றதுக்கு முன்னாடி பாப்பா என்ன பண்ணினா?”

மனைவி திரும்பி அவரை உற்றுப் பார்த்தாள். இதை அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

“முதல்ல அழவே இல்ல. நர்ஸ் தூக்கிக் காட்டினாங்க. என்னை ஒரு மாதிரி பாத்தா, உங்களை மாதிரியே, லேட்டா வந்தவளைப் பாக்குற மாதிரி. அப்புறம் ஒரு தும்மல் போட்டா பாருங்க...”

அவள் சொல்லிக்கொண்டே போனாள். பன்னிரண்டே முக்கால் சங்குக்குக் கிளம்ப இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது. அவர் மணியைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.